பால்ய நினைவுகளைப் படங்களோடு நூலாக்க: டம்மியிலிருந்து தபால் வரை

சிறுவயது நினைவுகளை எழுதி, கூடவே கோட்டோவியங்களும் சில வண்ணப் படங்களும் சேர்த்து ஒரு சின்ன நூலாக, சொந்தச் செலவில் கொண்டுவர நினைப்பவர்களுக்கானது இது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு 96 பக்கம், டெமி அளவு, 500 பிரதி அச்சிடுவதை மனத்தில் வைத்துக் கணக்குகள் தந்திருக்கிறேன். எழுதி முடித்த பிரதி கையில் இருந்தால், ஓவியத்துக்கு நான்கு மாதம், வடிவமைப்புக்கும் மெய்ப்புக்கும் (பிழைதிருத்தத்துக்கும்) இரண்டு மாதம், அச்சுக்கும் பைண்டிங்குக்கும் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைவிடக் குறைத்துச் சொல்பவர்கள் மெய்ப்புக்கான நாள்களை விழுங்கிவிட்டுச் சொல்கிறார்கள்.

1. முதலில் டம்மி

பலரும் எல்லாம் எழுதி, எல்லாம் வரைந்து முடித்த பிறகுதான் அச்சகத்துக்குப் போகிறார்கள். அப்போதுதான் வண்ணப் படங்கள் நூல் முழுக்கச் சிதறிக் கிடப்பதும், அதனால் செலவு எகிறுவதும் தெரியவருகிறது. ஆகவே ஓவியருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதற்கு முன்னால் வெள்ளைத் தாளை மடித்து 96 பக்க டம்மி (மாதிரி நூல்) ஒன்றைக் கையால் செய்யுங்கள். எந்தப் பக்கத்தில் எழுத்து, எதில் படம், எது வெற்றுப் பக்கம் என்று பென்சிலால் குறியுங்கள். பிறகு வரும் எல்லாச் செலவும் இந்த டம்மியிலிருந்துதான் பிறக்கும்.

ஏன் என்பதற்கு ஃபாரக் கணக்கைப் பாருங்கள். டெமி எட்டில் ஒன்று என்பது ஏறத்தாழ 5.5 × 8.5 அங்குலம். 18 × 23 அங்குலத் தாளின் ஒரு பக்கத்தில் 8 பக்கம், மறுபக்கத்தில் 8 பக்கம் என 16 பக்கம் ஒரு ஃபாரம். 96 பக்கத்துக்கு 6 ஃபாரம். கறுப்பு மட்டும் என்றால் ஒரு ஃபாரத்துக்கு 2 பிளேட் (அச்சுத் தகடு; தாளின் ஒரு பக்கத்தில் ஒரு நிறத்துக்கு ஒன்று). நான்கு வண்ணம் என்றால் 8 பிளேட்.

வண்ணம் எல்லா ஃபாரத்திலும் இரு பக்கமும் வந்தால் 48 பிளேட். வண்ணப் பக்கங்களை ஒரே ஃபாரத்தில் அடக்கினால் 5 கறுப்பு ஃபாரத்துக்கு 10, வண்ண ஃபாரத்துக்கு 8, ஆக 18 பிளேட் போதும். நடுவழி ஒன்றும் உண்டு: ஒவ்வொரு ஃபாரத்திலும் தாளின் ஒரு பக்கத்தை மட்டும் வண்ணமாக்குவது. அப்போது ஃபாரத்துக்கு 5, மொத்தம் 30 பிளேட். வழக்கமான மடிப்பில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 ஆகிய பக்கங்கள் தாளின் ஒரே பக்கத்தில் விழும். அதாவது 4-5, 8-9, 12-13 என்று எதிரெதிர்ப் பக்கங்கள் மூன்று ஜோடி வண்ணத்தில் கிடைக்கும். படம் நூல் முழுக்கப் பரவி வர வேண்டும் என்பவர்களுக்கு இது நல்ல வழி. உங்கள் அச்சகத்தின் மடிப்பு இதேதானா என்று கேட்டு, அவர்கள் மடித்துக் கொடுக்கும் தாளில் பக்க எண் எழுதி உறுதிசெய்த பிறகே ஓவியரிடம் பட்டியல் கொடுங்கள்.

200, 300 பிரதிகளுக்குக் கீழே என்றால் ஆஃப்செட்டை (பிளேட் செய்து அடிக்கும் அச்சை) விட டிஜிட்டல் அச்சு மலிவாக வரக்கூடும். அங்கே பிளேட் இல்லை. ஆனால் வண்ணப் பக்கத்துக்குத் தனி விலை என்பதால் எண்ணிக்கை அங்கேயும் முக்கியம்.

2. எழுத்தும் படமும் ஒன்றையே சொல்ல வேண்டாம்

டம்மி செய்யும்போதே எழுத்தை வெட்ட வேண்டிய இடங்கள் தெரியும். 'திண்ணையில் சாய்வு நாற்காலி, பக்கத்தில் வெற்றிலைப் பெட்டி, மேலே தொங்கும் அரிக்கேன் விளக்கு' என்று எழுதிவிட்டு அதையே வரைந்தால் இரண்டில் ஒன்று வீண். கண்ணுக்குத் தெரிவதை ஓவியத்துக்கு விடுங்கள். வாசனை, ஓசை, பேச்சு, கையில் பட்ட சூடு, காத்திருந்த நேரம் இவற்றை எழுத்து எடுத்துக்கொள்ளட்டும். ஒரு பக்கத்துக்கு 180 முதல் 200 சொல் வரைதான் வசதியாக அமரும். படப் பக்கத்தில் 40 சொல்லைத் தாண்ட வேண்டாம்.

அமைதியான நூல் வேண்டும் என்றால் வெற்றிடத்துக்கும் காசு கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். முக்கியமான அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு வெற்றுப் பக்கம், பெரிய வெள்ளைப் பரப்பின் ஓரத்தில் ஒரு சின்னப் படம் இவை தாளை வீணாக்குவதாக அச்சகத்தில் சொல்வார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

3. காலத்தைச் சரிபாருங்கள்

நினைவு ஆண்டுகளைக் கலந்துவிடும். ஓவியர் உங்களைவிட இளையவர் என்றால் கூடுதல் கவனம் தேவை. அடிக்கடி தவறும் சில:

எழுத்துரு. ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட எழுத்துகள் 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்குப் பிறகே பரவலாக இன்றைய வடிவுக்கு மாறின. 1970இல் நடக்கும் காட்சியில் 'ஆரம்பப் பாடசாலை' என்று பலகை வரைந்தால் அதில் தும்பிக்கை வைத்த பழைய 'லை' இருக்க வேண்டும். கணினி எழுத்துருவை அப்படியே ஒட்டினால் விவரமறிந்த வாசகர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். பலகை எழுத்துகளைக் கையால் வரையச் சொல்லுங்கள். பெரியாரின் 'விடுதலை' போன்ற சில ஏடுகள் முன்பே சீர்திருத்த எழுத்தைக் கையாண்டன. அதனால் செய்தித்தாளை வரைவதானால் எந்தத் தாள் என்று பாருங்கள்.

காசு. நயா பைசா என்ற பெயர் 1957 முதல் 1964 வரை நாணயத்தில் இருந்தது. சதுர ஐந்து பைசா, அறுகோண மூன்று பைசா, நெளி விளிம்புப் பத்து பைசா என ஒவ்வொன்றின் வடிவும் வேறு. இருபத்தைந்து பைசாவை நாலணா என்று அழைக்கும் பேச்சுவழக்கு அதற்குப் பிறகும் நெடுநாள் நீடித்ததால் உரையாடலில் அது வரலாம்.

பள்ளிச் சாப்பாடு. சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை 1 அன்று தொடங்கியது. 1960களின் பள்ளியில் கிடைத்தது காமராஜர் காலத்து மதிய உணவு. அதைச் சத்துணவு என்று எழுதாதீர்கள்.

தொலைக்காட்சி. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தொலைவில் இருந்த மாவட்டங்களுக்குப் படம் வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

ஆண்டை உறுதிசெய்ய வீட்டுக்குள்ளேயே சான்றுகள் உண்டு: பள்ளி மாற்றுச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, வீட்டுப் பத்திரம், அஞ்சல் முத்திரை தெரியும் கடிதம். பெரியவர்களிடம் கேட்கும்போது 'அந்தக் காலத்தில் எப்படி இருந்தது' என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். 'அடுக்களையில் தண்ணீர்ப் பானை எந்தப் பக்கம் இருந்தது' என்று கேளுங்கள். பானையிலிருந்து பேச்சு தானாக வளரும். பழைய இதழ்கள், விளம்பரங்கள், பாடநூல்கள் பார்க்க வேண்டும் என்றால் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், எழும்பூர் கன்னிமரா நூலகமும், இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பெரிதும் உதவும்.

4. பழைய புகைப்படங்கள்

அலைபேசியில் படம் பிடித்து அனுப்பினால் அச்சில் கலங்கிப்போகும். தட்டை ஸ்கேனரில் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்து, டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். அச்சுக்கு 300 டிபிஐ தேவை என்பதால் 600இல் எடுத்த படத்தை இரண்டு மடங்கு வரை பெரிதாக்கலாம். 6 × 6 சென்டிமீட்டர் போன்ற சிறு பிரதிகளுக்கு 1200 வையுங்கள். ஸ்கேனரின் தானியங்கி நிறத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் கையெழுத்தும் தேதிக்குச் சான்று.

பசைத் தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். மேலுறையை மட்டும் மெல்ல விலக்கி, தாளோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

உரிமை யாருக்கு என்பதையும் பாருங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஸ்டூடியோ படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். உங்கள் அப்பா காசு கொடுத்து எடுத்த குடும்பப் படத்தில் சிக்கல் வராது. வகுப்புக் குழுப் படத்துக்குப் பள்ளியிடம் கடிதம் வாங்குங்கள். இதழ் விளம்பரம், பத்திரிகைப் படம், சினிமா ஸ்டில் இவற்றை அப்படியே அச்சிட அனுமதி வேண்டும்.

5. ஓவியரோடு ஒப்பந்தம்

தெரிந்தவர், நண்பர் என்று வாய்ப்பேச்சோடு நிறுத்துவதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய பொறி. உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, நாடு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றே கொள்ளப்படும். கொடுத்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத வரை, அது காலாவதியாகிவிடும். நினைவு நூல்கள் தாமதமாவது சகஜம் என்பதால் இந்த ஓராண்டு விதி நிச்சயம் கடிக்கும். இரண்டு பக்க ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: படங்களின் எண்ணிக்கை, அளவு, கறுப்பா வண்ணமா, அச்சு நூல் மட்டுமா மின்னூலும் மொழிபெயர்ப்பும் உண்டா, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, மூல ஓவியம் யாரிடம் இருக்கும், ஓவியர் பெயர் அட்டையில் எங்கே வரும்.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: முன்பணம், பென்சில் வரைவு முடிந்ததும், ஸ்கேன் கோப்பு கைக்கு வந்ததும். திருத்தம் எல்லாம் பென்சில் நிலையில், இரண்டு சுற்று. மை பூசிய பிறகு திருத்தம் கேட்டால் தனிக் கூலி தருவதுதான் நியாயம்.

தொழில்நுட்பக் குறிப்புகளையும் ஒப்பந்தத்தோடு இணையுங்கள். அச்சு அளவைவிட ஒன்றே கால் முதல் ஒன்றரை மடங்கு பெரிதாக வரைய வேண்டும். நீரில் கரையாத கறுப்பு மை. கோட்டோவியம் 1200 டிபிஐ, கறுப்பு வெள்ளை மட்டும், சாம்பல் நிறம் இல்லாமல். வண்ணப் படம் அச்சு அளவில் குறைந்தது 300 டிபிஐ, சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு வண்ண முறை). விளிம்பு வரை போகும் படத்துக்கு நான்கு புறமும் 3 மில்லிமீட்டர் கூடுதல், இல்லாவிட்டால் கட்டிங்கில் வெள்ளைக் கோடு தெரியும். இரண்டு பக்கத்தில் விரியும் படத்தில், நடு மடிப்பிலிருந்து இரு புறமும் 15 மில்லிமீட்டருக்குள் முகமோ கையோ வரக் கூடாது. பூச்சில்லாத தாளில் மை பரவி நிழல் பகுதிகள் கருத்துப்போகும். நீர்வண்ணத்தில் சந்தியா வேளை, அடுக்களை இருட்டு போன்றவற்றைத் தேவைக்குச் சற்று வெளிறலாகவே வரையச் சொல்லுங்கள்.

6. தட்டச்சும் மெய்ப்பும்

யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். சில வடிவமைப்பாளர்கள் இன்னமும் பழைய எழுத்துருக் குறியீட்டுக்கு மாற்றித்தான் வேலை செய்கிறார்கள். மாற்றும்போது ஸ்ரீ, ஃ, மேற்கோள் குறி, எண்கள், 'ொ', 'ோ', 'ௌ' வரும் சொற்கள் உடையும். மாற்றம் நடந்த பிறகு முழு நூலையும் மறுபடி படிக்க வேண்டும், வேறு வழியில்லை.

நினைவு நூலுக்கே உரிய தொல்லை வட்டார வழக்கு. மெய்ப்புப் பார்ப்பவர் நல்ல எண்ணத்தோடு 'வெளங்கல', 'அம்புட்டு', 'ஏட்டி' எல்லாவற்றையும் திருத்தி வைத்துவிடுவார். நூலின் உயிரே அதில்தான் இருக்கிறது. திருத்தக் கூடாத சொற்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, உறவுப் பெயர்கள், ஊர்ப் பெயர்கள், சாமி பெயர்கள் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்த்து, மெய்ப்போடு கொடுங்கள்.

மூன்று மெய்ப்பு வேண்டும். மூன்றாவது மெய்ப்பு, நூல் அளவிலேயே தாளில் எடுத்ததாக இருக்கட்டும். அதை அந்த ஊரையும் அந்தக் காலத்தையும் அறிந்த ஒருவர் படிக்கட்டும். எழுத்து 11 அல்லது 12 புள்ளி, வரி இடைவெளி 16 புள்ளி. படத்துக்குப் பக்கத்தில் ஒடுங்கிய பத்தியை இருபுறமும் சமன் செய்ய வேண்டாம், நீண்ட தமிழ்ச் சொற்களுக்கு இடையில் பள்ளம் விழுந்துவிடும்.

7. பாட்டும் பெயர்களும்

திரைப்பாடல் வரிகளை மேற்கோளாகச் சேர்க்காத நினைவு நூல் அரிது. பாடலாசிரியர் இறந்து 60 ஆண்டுகள் முடியும் வரை பதிப்புரிமை உண்டு. நான்கு வரி என்றாலும் அனுமதி கேட்பதுதான் பாதுகாப்பு. படத்தின் பெயரையும் பாடலின் முதல் சொற்களையும் சொல்லிவிட்டுப் போனால் போதும் என்றால் அப்படியே செய்யுங்கள். பாரதியார் பாடல்களைத் தாராளமாக எடுத்தாளலாம். தாலாட்டு, ஒப்பாரி, விளையாட்டுப் பாட்டு போன்ற வாய்மொழி மரபும் அப்படியே.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றிக் கசப்பாக எழுதினால் பெயரையும் அடையாளத்தையும் மாற்றுங்கள். இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக வைத்திருக்கிறது. உண்மை என்பது மட்டுமே அங்கே போதாது, வெளியிட்டதில் பொது நன்மையும் இருக்க வேண்டும். சாதிப் பெயர்களும் பட்டப் பெயர்களும் அந்தக் காலப் பேச்சில் இயல்பாகப் புழங்கியிருக்கலாம். அவற்றைச் சுமந்தவர்களின் பிள்ளைகள் இன்று அந்த நூலைப் படிப்பார்கள் என்பதை நினைத்து ஒவ்வொன்றையும் முடிவு செய்யுங்கள். ஓவியத்தில் முகச் சாயலும் அடையாளம்தான்.

8. ஐஎஸ்பிஎன்

ஐஎஸ்பிஎன் என்பது ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் சர்வதேச அடையாள எண். மத்தியக் கல்வி அமைச்சகத்தின்கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமை இணையத்தில் விண்ணப்பம் பெறுகிறது. கட்டணம் இல்லை. சொந்தமாக வெளியிடும் எழுத்தாளர் என்ற பிரிவில் விண்ணப்பியுங்கள். அடையாளச் சான்று, முகவரி, நூல் தலைப்பு, முன்னட்டை, உரிமைப் பக்கம் (பதிப்பு விவரங்கள் அச்சாகும் பக்கம்) ஆகியவற்றின் கோப்புகளைத் தயாராக வைத்திருங்கள். எல்லாவற்றிலும் பெயரின் எழுத்துக்கூட்டு ஒன்றாக இருக்க வேண்டும். ஆதாரில் முன்னெழுத்து ஒரு விதமாகவும் அட்டையில் புனைபெயராகவும் இருந்தால் இரண்டையும் இணைத்து ஒரு விளக்கக் கடிதம் சேருங்கள். திருப்பி அனுப்பினால் திருத்தி மறுபடி அனுப்ப நாள் பிடிக்கும். எனவே வடிவமைப்பு தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். மின்னூலுக்குத் தனி எண், கெட்டி அட்டைக்குத் தனி எண். மாற்றமில்லாத மறுஅச்சுக்குப் புது எண் வேண்டாம்.

எண் 'விற்கும்' இடைத்தரகர்களிடம் வாங்காதீர்கள். அந்த எண் அவர்கள் பெயரில்தான் பதிவாகும்.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை, எழுதியவுடனேயே உரிமை உண்டு. சான்று வேண்டும் என்பவர்கள் 500 ரூபாய் கட்டி இணையத்தில் பதியலாம். ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு.

9. அச்சகம்

மூன்று அச்சகங்களில் கொட்டேஷன் வாங்குங்கள். மொத்தத் தொகை மட்டும் எழுதிய சீட்டை ஏற்காதீர்கள். தாள், பிளேட், அச்சு, ராப்பர் (மேலட்டை), லேமினேஷன், பைண்டிங், வண்டி வாடகை, ஜிஎஸ்டி என்று தனித்தனியாக இருக்கட்டும். அச்சிட்ட நூலை விற்கும்போது ஜிஎஸ்டி இல்லை. அதனால் அச்சகத்துக்குக் கட்டும் வரி உங்கள் செலவாகவே நிற்கும்.

தாளைச் சரிபார்க்கக் கணக்கு இதோ. 23 × 36 அங்குலத் தாள் ஒன்றில் 32 பக்கம். 96 பக்கத்துக்குப் பிரதிக்கு 3 தாள், 500 பிரதிக்கு 1,500 தாள், அதாவது 3 ரீம். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் கனம்) என்றால் சுமார் 64 கிலோ, 100 ஜிஎஸ்எம் என்றால் சுமார் 80 கிலோ. கழிவுக்கு 5 முதல் 10 விழுக்காடு கூட்டுங்கள். அன்றைய கிலோ விலையைச் சென்னை ஆண்டர்சன் தெருத் தாள் கடைகளில் விசாரித்தால் கொட்டேஷனில் தாள் விலை நியாயமா என்று தெரிந்துவிடும்.

70 ஜிஎஸ்எம் தாளில் அடர்ந்த கோட்டோவியம் பின்பக்கம் தெரியும். 80க்குக் கீழே போகாதீர்கள், முடிந்தால் 100. வண்ணப் பக்கத்துக்கு ஆர்ட் பேப்பர் போடச் சொல்வார்கள். பழுப்பு வெள்ளைத் தாளுக்கு நடுவே அந்தப் பளபளப்பு கண்ணை உறுத்தும் என்பது என் கருத்து. அதே நேச்சுரல் ஷேடு தாளில் வண்ணத்தை அச்சிட்டால் சற்று மங்கலாக, நினைவு நூலுக்குப் பொருந்துகிறபடி அமரும். ஆர்ட் பேப்பர்தான் வேண்டும் என்றால் வெறும் பசை பைண்டிங் ஒப்புக்கொள்ளாதீர்கள். பூசிய தாளில் பசை பிடிக்காமல் அந்த 16 பக்கம் மட்டும் கழன்று வரும். நூல் தையல் போட்டு ஒட்டச் சொல்லுங்கள். ராப்பருக்கு 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, மேட் லேமினேஷன்.

வண்ணப் படங்களில் இரண்டை, அச்சாகப் போகும் அதே தாளில் அடித்துக் காட்டச் சொல்லிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கணினித் திரையைப் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டாம்.

ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை சிவகாசியில் காலண்டர், டைரி வேலை. நவம்பர், டிசம்பரில் ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கான நூல்கள் எல்லா அச்சகத்தையும் நிறைத்துவிடும். காட்சிக்கு வர வேண்டும் என்றால் செப்டம்பர் முடிவதற்குள் இறுதிக் கோப்பைக் கொடுங்கள்.

10. விலை

கடைகளும் விற்பனையாளர்களும் பொதுவாக 35 முதல் 50 விழுக்காடு கழிவு கேட்பார்கள். பிரதிக்கு அடக்கம் 120 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 200 ரூபாய் விலை வைத்து 40 விழுக்காடு கழித்தால் கையில் வருவது 120, ஒரு ரூபாய் மிஞ்சாது. 360 வைத்தால் 216. ஓவியக் கூலியையும் அடக்கத்தில் சேர்த்துக் கணக்கிடுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். 500 பிரதியில் 40, 50 இலவசமாகப் போகும் என்றும் கழித்துக்கொள்ளுங்கள்.

11. நூல் கைக்கு வந்ததும்

அச்சகத்தில் பணத்தை முழுதாகக் கொடுப்பதற்கு முன், கட்டுகளின் நடுவிலிருந்து பத்துப் பிரதிகளை உருவி, பக்க வரிசை, தலைகீழ் ஃபாரம், வெற்றுப் பக்கம், கோணல் கட்டிங் பாருங்கள். அச்சான இறுதிப் பிடிஎஃப், வடிவமைப்பின் திறந்த (திருத்தக்கூடிய) கோப்பு, எழுத்துரு, படங்கள் நான்கையும் வாங்கி இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமரா, மும்பை, தில்லி பொது நூலகங்கள் என நான்குக்கும் ஒவ்வொரு பிரதி உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். வண்ணமும் படமும் குறையாத நல்ல பிரதியாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அனுப்பிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வாசகர்களுக்கு அனுப்ப அஞ்சல் துறையின் ஞான் போஸ்ட் சேவை 2025 மே முதல் இருக்கிறது. தொடங்கியபோது 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. நூலில் அச்சகத்தின் அல்லது பதிப்பாளரின் பெயர் அச்சாகியிருக்க வேண்டும், விளம்பரம் இருக்கக் கூடாது. உரிமைப் பக்கத்தில் அந்த ஒரு வரியை விட்டுவிட்டால் அஞ்சலகத்தில் சிக்கல் வரும். தரைவழியில் போவதால் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். மூலைகள் மடங்காமலிருக்க நூலின் இருபுறமும் அட்டை வைத்து, மழைக்காலத்தில் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறையும் போட்டு அனுப்புங்கள்.